புயலுக்கென ஒரு பாய்

ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் 26 ஆந் தேதி, அவுஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்தில் விந்தையான காட்சியொன்றைக் காணலாம். அங்கே அது கோடை காலம். கரையெங்கும் மக்கள் திரண்டு நிற்பர். பிற்பகல் ஒரு மணிக்குப் பீரங்கி முழங்கியதும், தஸ்மேனியாத் தீவிலுள்ள ஹோபார்ட் நகரை நோக்கிப் பந்தயப் பாய்ப்படகுகள் புறப்படும். ஆனால், அதற்கு முன்னரே அப்படகுகள் ஒவ்வொன்றாகப் பந்தய அதிகாரிகளின் கலத்தைக் கடந்து செல்கின்றன. அவ்வேளையில் அவை விரித்திருப்பவை வானளாவிய பெரும்பாய்கள் அல்ல. செம்மஞ்சள் போன்ற கண்ணைப் பறிக்கும் நிறத்தில், படகின் உருவத்திற்குச் சற்றும் பொருந்தாத சிறு பாய்களே அவை. அதிகாரிகள் பார்த்துக் குறித்துக்கொண்டதும் அவை இறக்கப்பட்டுப் பைகளுக்குள் புகுந்துவிடுகின்றன.

வெயில் எறிக்கும் நல்ல நாளில், ஓட்டத்திற்கு உதவாத இப்பாய்களை ஏற்றிக் காட்டுவது எதற்காக? பார்ப்போர் சிலர் இதனை வெறும் சடங்கு என எண்ணக்கூடும். அது சடங்கன்று. ஆழ்கடற் பந்தயத்திற்குப் பாய்களை ஆயத்தஞ் செய்யும் கலையின் உயிர்நாடியே அதிலேதான் இருக்கின்றது. இவ்வாரம் அதனைச் சற்று ஆராய்வோம்.

சிட்னியிலிருந்து ஹோபார்ட் வரையுள்ள தூரம் ஏறத்தாழ 630 கடல்மைல். முதற் பந்தயம் 1945 ஆம் ஆண்டில் நடைபெற்றது. அன்று புறப்பட்டவை ஒன்பது படகுகளே. வெற்றி பெற்றவர் இங்கிலாந்துக் கடற்படையைச் சேர்ந்த கப்டன் ஜோன் இல்லிங்வேர்த் என்பார். அவருடைய படகின் பெயர் நம் செவிக்கு நன்கு பழகியது: ‘ராணி’. அதன் நீளம் ஏறத்தாழ 35 அடி. வழியிற் பெருங்காற்று மூண்டது. தேடிச் சென்ற விமானங்களின் கண்ணுக்கு ‘ராணி’ புலப்படவில்லை. அது மூழ்கியிருக்கக்கூடுமெனப் பலர் அஞ்சினர். ஆனால், ஏனைய படகுகள் தயங்கி ஒதுங்கிய வேளையிலும் அது ஓடிக்கொண்டே இருந்தது. 6 நாள் 14 மணி 22 நிமிடத்தில் எல்லாவற்றிற்கும் முன்னதாக ஹோபார்ட்டை அடைந்தது. காற்று எவ்வளவு கடுமையாயினும் அதற்கேற்ற பாய் கைவசம் இருக்குமாயின் படகு ஓடவல்லது என்பதற்கு இஃது ஒரு சான்று.

காற்றுக்கேற்ற பாய் என்றால் என்ன? மாணவர்கள் இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனித்தல் நன்று. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கின்றது. மணிக்கு 10 கடல்மைல் வேகத்தில் வீசுங் காற்று ஒரு சதுர மீட்டர் பாயின்மேற் செலுத்தும் விசையை ஒரு பங்கு எனக் கொள்வோம். 20 கடல்மைல் வேகத்தில் அது நான்கு பங்கு; 30 இல் ஒன்பது பங்கு; 50 இல் இருபத்தைந்து பங்கு! வேகம் ஐந்து மடங்காகும்போது விசை இருபத்தைந்து மடங்காகின்றது. இளங்காற்றிற் படகை இனிதே இழுத்துச் சென்ற அதே பாய், பெருங்காற்றிற் படகைச் சாய்த்துவிடும். அன்றேல் தானே கிழிந்துபோகும்.

ஆதலால், காற்று வலுக்க வலுக்கப் பாயின் பரப்பைக் குறைத்துக்கொண்டே போதல் வேண்டும். பாய்மரத்தின் பின்னே நிற்கும் பெரும்பாயை அடியிலிருந்து சுருக்கிக் கட்டுவர். அகன்ற முன்பாயை இறக்கிச் சிறியதொன்றை ஏற்றுவர். இவையெல்லாம் போதாதவிடத்து எஞ்சியிருப்பவை புயற்பாய்கள் இரண்டே. ஒன்று புயல் முன்பாய். மற்றையது பெரும்பாய்க்குப் பதிலாக ஏற்றப்படும் ‘டிரைசெயில்’ என்னும் சிறு பாய்.

‘எல்லாப் பாய்களையும் இறக்கிவிட்டுப் பேசாமல் இருந்தாலென்ன?’ என நீங்கள் கேட்கலாம். சில வேளைகளில் மாலுமிகள் அவ்வாறும் செய்வதுண்டு. ஆயினும், சுக்கானின்மேல் நீர் பாய்ந்தாலன்றிச் சுக்கான் வேலை செய்யாது. ஓட்டமில்லாத படகு திருப்பத்திற்கு இணங்காது. பக்கவாட்டில் திரும்பி அலைக்கு விலாவைக் கொடுத்துவிடும். அருகிற் கரையிருப்பின் காற்று அதனைப் பாறையை நோக்கித் தள்ளும். படகைத் தன் வசத்தில் வைத்திருக்க மாலுமிக்குத் துணி சிறிதளவேனும் வேண்டும்.

அச்சிறிதளவு எவ்வளவு என்பதை ஆழ்கடற் பந்தய விதிகள் வரையறுத்துள்ளன. பாய்மரத்திற்கு முன்னாலுள்ள முக்கோண வெளியின் உயரத்தை எடுத்து, அதன் வர்க்கத்தில் நூற்றுக்கு ஐந்து வீதத்திற்கு மேற்படாத பரப்புடையதாய்ப் புயல் முன்பாய் இருத்தல் வேண்டும். அவ்வுயரம் 12 மீட்டர் என்க. அதன் வர்க்கம் 144. அதில் ஐந்து வீதம் 7.2 சதுர மீட்டர். எட்டடி அகலமும் பத்தடி நீளமுமுள்ள சிற்றறை ஒன்றின் தரையளவுதான் அது! ‘டிரைசெயி’லின் பரப்போ, பெரும்பாயின் உயரத்தை அதன் அடிநீளத்தாற் பெருக்கி வருவதில் 17.5 வீதத்திற்கு மேற்படலாகாது. பெரும்பாயின் அடியைத் தாங்கும் கிடைமரத்தின் துணையின்றியே அதனை இழுத்துக் கட்டக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். புயலில் அக்கிடைமரம் முறிந்துபோதல் கூடுமன்றோ? நுரை கொந்தளிக்குங் கடலில் வெண்பாய் கண்ணுக்குப் புலப்படாது. அதனாலேயே புயற்பாய்களுக்குப் பளிச்சென்ற நிறம் விதிக்கப்பட்டுள்ளது. தேடிவரும் விமானிக்கு அந்நிறமே அடையாளம்.

இனி, பாய்களைப் பந்தயத்திற்கு ஆயத்தஞ் செய்யும் முறையை நோக்குவோம். முற்காலத்திற் பாய்கள் சணல் வகைத் துணியாலும் பின்னர்ப் பருத்தியாலும் நெய்யப்பட்டன. 1941 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இருவர் பொலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தனர். ‘டெரிலீன்’ என்றும் ‘டெக்ரோன்’ என்றும் அது உலகெங்கும் பரவிப் பருத்தியைக் கடலிலிருந்து விரட்டிவிட்டது. அது நீரில் உளுத்துப்போவதில்லை, எளிதில் நெகிழ்வதுமில்லை. எனினும் அதற்கும் ஒரு குறையுண்டு. மென்மையான பருத்தித் துணியில் தையல் நூல் உள்ளே அமிழ்ந்து மறைந்துகொள்ளும். கடினமான டெரிலீனிலோ நூல் மேலே புடைத்து நிற்கும். கம்பியிலும் மரத்திலும் உராயும்போது துணிக்கு முன் நூலே அறுந்துபோகின்றது. வெயிலும் அந்நூலை நலியச் செய்கின்றது. பந்தயப் பாய்களுக்குப் பிற்காலத்திலே வந்த கெவ்லார், காபன் ஆகிய இழைகள் இன்னும் விறைப்பானவை, வேகந் தருபவை. ஆயினும் திரும்பத் திரும்ப மடிபட்டும் படபடத்தும் அவை நலிவடையும். புயற்பாய்களில் அவற்றைப் பயன்படுத்துதல் விதிப்படி ஆகாது. உயிரைக் காக்கும் பாய்க்கு வேகத்தினும் உறுதியே முதன்மையானது.

ஆகவே, பந்தயத்திற்குச் சில வாரங்களுக்கு முன்னரே பாய்கள் தையற்கூடத்திற்குச் செல்கின்றன. அங்கே தூய பரந்த தரையில் அவற்றை விரித்து, தையல்காரர் முழந்தாளிட்டு ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்ப்பர். நகத்தாற் கீறும்போது நூல் அறுந்தால் அத்தையல் முழுவதும் மீண்டும் தைக்கப்படும். இழுவை முழுவதையும் தாங்கும் மூன்று மூலைகளிலும் பல மடிப்புத் துணி சேர்க்கப்பட்டிருக்கும். அங்குள்ள உலோக வளையங்கள் ஆராயப்படும். பாய்மரத்தின் குறுக்குக் கைகளிற் பாய் எங்கே உராய்கின்றதோ, அவ்விடங்களைக் குறித்து வந்து ஒட்டுத்துணி வைப்பர். மறுபுறம், படகிலேயுள்ள கூரிய ஊசிகளையும் முனைகளையும் நாடாவாற் சுற்றி மறைப்பர். பாயிற் கைபார்த்தல் பாதி வேலை. பாயைக் கிழிக்கக்கூடியவற்றை ஒழித்தல் மறுபாதி.

பின்னர், பாயை நன்னீரிற் கழுவி உப்பைப் போக்குவர். உப்புப் படிந்த பாய் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு என்றும் காயாது. உப்பின் மணிகள் இழையையும் அராவும். காற்றிற் படபடக்க விட்டுப் பாயை உலர்த்துவது தவறு. ஒரு மணி நேரப் படபடப்பு, நாட்கணக்கான ஓட்டத்தினும் கூடிய தேய்வை உண்டாக்கக்கூடும். உலர்ந்தபின் விசிறிபோல் மடித்துப் பையிலிட்டு, எந்த மூலை மேலே வரவேண்டுமோ அந்த மூலையில் அடையாளம் இட்டு, பையின்மேற் பெரிய எழுத்திற் பெயரும் எழுதுவர். இருளிலே, ஆடும் படகின் உள்ளே, பையைத் தேடுபவன் யாரென்பதை மறத்தலாகாது.

பின்காற்றில் விரிக்கும் பலூன் போன்ற பாய்க்கு ஒரு வேடிக்கையான ஏற்பாடுண்டு. அதனை நீளவாக்கிற் சுருட்டி, இடையிடையே கம்பளி நூலாற் கட்டி வைப்பர். உச்சிவரை ஏற்றிய பின் கயிற்றை இழுத்தவுடன் நூல்கள் ஒவ்வொன்றாய் அறுந்து பாய் மலர்ந்துவிடும். நம் வீட்டுப் பெண்மணிகள் பின்னலுக்கு வாங்கும் அதே கம்பளி நூல்!

பழுதுபார்க்கும் பையொன்றும் உடன் செல்லும். மெழுகிட்ட நூல், தடித்த ஊசிகள், ஊசியைத் தள்ளுவதற்கு உள்ளங்கையில் அணியும் தோற்பட்டை, ஒட்டும் பாய்த்துணி ஆகியவை அதில் இருக்கும்.

இத்தனை செய்தும் ஒன்று எஞ்சுகின்றது. புயற்பாயை ஒருமுறையேனும் ஏற்றிப் பார்த்தல் வேண்டும். பையில் இருக்கின்ற பாய் வேறு. படகிற் பொருந்துகின்ற பாய் வேறு. துறைமுகத்தில் ஏற்றிப் பார்க்கும்போதுதான் கயிறு நீளங் குறைந்திருப்பதும், கொக்கி துருப்பிடித்திருப்பதும், இழுத்துக் கட்டுதற்கு மேற்றளத்தில் வளையம் இல்லாதிருப்பதும் வெளிப்படும். அமைதியான நீரில் அக்குறைகளைப் போக்க அரை மணி நேரம் போதும். நடுநிசியில், குமட்டலும் குளிரும் வாட்ட, அலை மேற்றளத்தை மூடிச் செல்லுங்கால் அது ஆகாத காரியம்.

1998 ஆம் ஆண்டு இப்பந்தயத்தில் நிகழ்ந்ததை எவரும் மறந்திலர். அவ்வாண்டு 115 படகுகள் புறப்பட்டன. அவுஸ்திரேலியாவிற்கும் தஸ்மேனியாவிற்கும் இடையேயுள்ள பாஸ் நீரிணை ஆழம் குறைந்தது. கிழக்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கிப் பாயும் நீரோட்டத்தை எதிர்த்துத் தென்புறக் காற்று வீசுங்கால், அலைகள் சுவர்போல் நிமிர்கின்றன. அங்கே படகுகள் கொடும் புயலில் அகப்பட்டன. ஹோபார்ட்டை அடைந்தவை 44 மட்டுமே. ஐந்து படகுகள் மூழ்கின. 55 பேர் மீட்கப்பட்டனர். ஆறு பேர் உயிர் நீத்தனர். அவர்தம் குடும்பத்தாருக்கு அவ்வாண்டுப் பண்டிகை எவ்வாறு முடிந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. புயற்பாய் இருந்திருப்பின் அனைவரும் பிழைத்திருப்பர் எனக் கூறுவது பேதைமை. படகையே புரட்டிவிடும் அலைக்கு முன் எப்பாயும் துணையாகாது. ஆனால், மனிதர் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டதனால் ஓருயிரேனும் போகலாகாது என்னும் உறுதியோடு விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. இன்று பாஸ் நீரிணைக்குட் புகுமுன், தம் படகும் ஆட்களும் மேற்செல்லத் தகுதியுடையர் என ஒவ்வொரு தலைவரும் வானொலி மூலம் அறிவித்தல் வேண்டும். பாயைச் சோதித்ததுபோல் மனிதரையும் சோதிக்கும் ஏற்பாடு அது. அந்தக் கொடிய ஆண்டில் ஒட்டுமொத்த வெற்றியைப் பெற்றது பெரும் படகொன்றன்று. ‘மிட்நைட் ராம்ப்ளர்’ என்னும் 35 அடிப் படகு. அரை நூற்றாண்டுக்கு முன் வென்ற ‘ராணி’யின் நீளமும் ஏறத்தாழ அதுவே.

பாய்களுள் மிகுந்த கவனத்தோடு ஆயத்தஞ் செய்யப்படும் புயற்பாயே, அனைவரும் ஏற்றாதிருக்க விரும்பும் பாயுமாகும். பெரும்பாலான ஆண்டுகளில் அது பையைவிட்டு வெளிவராமலே ஹோபார்ட்டை அடைகின்றது. அதற்காக அதன் செலவு வீண் என்று எந்த மாலுமியும் சொல்வதில்லை. பந்தயம் முடிந்து வீடு திரும்பியதும், பயன்படாத அப்பாயையும் விரித்துப் பார்த்து, அடுத்த ஆண்டுக்காக மடித்து வைக்கின்றான்.