கட்டடத்துக்கும் ஒரு படம்



விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் பயணம் புறப்படுகின்றன. வேளாங்கண்ணிக்குச் செல்வோர் சிலர். தனுஷ்கோடி சென்று, 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த ஆலயத்தைக் கண்டு வருவோர் சிலர். மலையடிவாரத்து மகாராஜபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் வருவோரும், 11 நிலைகளோடு 192 அடி உயர்ந்து நிற்கும் கோபுரத்தை அண்ணாந்து நோக்காமல் செல்வதில்லை. எல்லார் கையிலும் கைப்பேசி உண்டு. படம் எடுக்காதவர் இல்லை. ஆனால் வீடு திரும்பியபின் அப்படங்களில் நாம் காண்பது யாது? நம் முகம் தெரிகிறது. பிள்ளைகளின் முகம் தெரிகிறது. கோபுரமோ நம் தலைக்குப் பின்னால் இரண்டு நிலைகளோடு நின்றுவிடுகிறது.

குடும்பத்தைப் படமெடுப்பது குற்றமன்று. அன்பின் அடையாளம் அது. எனினும், நாம் காணச் சென்ற கட்டடத்துக்கும் ஒரு படம் உரியது என்பதையே இத்திங்கள் எடுத்துரைக்க விழைகிறோம்.

மதுரையைச் சற்று நோக்குவோம். ஒரு காலத்தில் அந்நகரைக் கோட்டை மதில்கள் சூழ்ந்திருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், நகரை விரிவாக்கும் பொருட்டு அவற்றை இடிப்பித்தார். அவருடைய நினைவாக நகர மக்கள் ஒரு விளக்கு நாட்டினர். அதுவே இன்று நாமெல்லாரும் அறிந்த விளக்குத்தூண். 1858-ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்துறை அதிகாரி, சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக மதுரைக்கு வந்தார். விளக்குத்தூணை அவர் படமெடுத்தார். அது இன்றும் உள்ளது. ஆனால் நகரைச் சூழ்ந்து நின்ற மதிலை முழுமையாகப் படமெடுக்க அவருக்கு வழியில்லை. அது அவருக்கு முன்பே மறைந்துவிட்டது. இடித்தவரின் நினைவுச் சின்னத்துக்குப் படம் உண்டு. இடிபட்ட மதிலின் முழுத் தோற்றத்துக்குப் படம் இல்லை!

டிரைப் மேற்கொண்ட பயணம் எளியதன்று. மாட்டு வண்டிகளில் கருவிகளையும் இரசாயனப் பொருள்களையும் ஏற்றிக்கொண்டு, திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை எனச் சென்றார். வெள்ளி உப்புகள் தோய்ந்த தாளே அவருடைய பிலிம். அத்தாளில் உருவம் பதிய நெடுநேரம் வெளிச்சம் வேண்டும். அதற்குள் அசைந்தவர்கள் புகைபோலக் கலைந்துவிடுவர் அல்லது மறைந்தேவிடுவர். ஆகவே அவருடைய படங்கள் பலவற்றில் கட்டடங்களே தனித்து நிற்கின்றன.

அவருடைய பொறுமைக்குச் சான்று வேண்டுமெனில் தஞ்சைப் பெரிய கோவிலுக்குச் செல்ல வேண்டும். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு முழுவதையும் ஒரே படத்தில் அடக்க இயலாது. எனவே பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்தார். அதன் நீளம் 19 அடிக்கும் மேல். கோவிலின் அழகைக் காட்டும் ஒரு படத்தோடு அவர் மனநிறைவு கொண்டிருக்கலாம். எழுத்தும் விடுபடாமல் பிறர் காண வேண்டும் என எண்ணியதால்தான் அப்பாடுபட்டார்.

மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையையும் அவர் பாழடைந்த நிலையிலேயே படமெடுத்தார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் அது செப்பனிடப்பட்டது. செப்பனிடுமுன் அது எவ்வாறு இருந்தது என்பதற்கு அப்படங்கள் இன்று சாட்சி. ஆயினும் அக்காலத்தில் அவருடைய பணி போற்றப்படவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் இதனை ஆடம்பரச் செலவெனக் கருதினார், பணி நிறுத்தப்பட்டது. ஆடம்பரம் எனத் தள்ளப்பட்டதை இன்று வரலாறு அரும்பொருளாகக் காத்து வருகிறது.

இத்தகைய பதிவின் பயனை நம் காலத்திலும் உலகம் கண்டது. பாரிஸ் நகரத்து நோத்ர் தாம் பேராலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்னும் அமெரிக்கக் கலை வரலாற்றறிஞர் 2010-இல் லேசர் ஒளியால் அளந்து, 100 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பதிவு செய்து வைத்தார். 2019 ஏப்ரல் 15 அன்று அதன் கூரையும் ஊசிக்கோபுரமும் தீக்கிரையாயின. மீண்டும் எழுப்பும் பணிக்கு அவ்வளவுகள் துணை நின்றன. 2024 டிசம்பரில் பேராலயம் திறக்கப்பட்டது. டாலன் 2018-லேயே காலமானார். தீயையும் அவர் காணவில்லை. தம் உழைப்பின் பயனையும் காணவில்லை.

நம்மிடம் லேசர் கருவி இல்லை. ஆனால் கைப்பேசி உண்டு. எனவே பயணம் செல்வோர்க்குச் சில சொல்வோம். கட்டடத்தின் அடியில் நின்று கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் உள்நோக்கிச் சரிவதுபோல் தோன்றும். தொலைவில் விலகி நின்று, கருவியை நேராகப் பிடியுங்கள். உச்சி வெயிலைத் தவிருங்கள். காலை, மாலைச் சாய்வெயிலில்தான் சிற்பங்களின் மேடுபள்ளம் தெளிவுறத் தெரியும். முழுத் தோற்றத்தை ஒருமுறையும், வாயில், தூண், கல்வெட்டு ஆகியவற்றைத் தனித்தனியேயும் எடுங்கள். படமெடுக்கத் தடையுள்ள இடத்தில் அத்தடையை மதியுங்கள். இடத்தின் பெயரையும் நாளையும் மறவாது குறித்து வையுங்கள்.

இவையனைத்தினும் முதன்மையானது ஒன்று உண்டு. தொலைவிலுள்ளவற்றைப் படமெடுக்கும் நாம், நம் ஊரிலுள்ளவற்றை மறந்துவிடுகிறோம். பங்குகளில் பழைய ஆலயத்தை இடித்துப் புதியது கட்டுகிறோம். ஆண்டுகள் கழிந்து, ஜூபிலி மலர் வெளியிடும்போது பழைய ஆலயத்தின் படத்தைத் தேடி வீடு வீடாக அலைகிறோம். கிடைப்பது பெரும்பாலும் திருமணப் படமே. மணமக்களுக்குப் பின்னால் பாதிக் கதவும் ஒரு தூணும் தெரியும். பாட்டன்மார் கல் சுமந்து கட்டிய ஆலயத்தில் எஞ்சியது அப்பாதிக் கதவே!

ஆதலின் அடுத்த பயணத்துக்குக் காத்திராதீர்கள். உங்கள் ஊர் ஆலயம், பள்ளிக்கூடம், ஓட்டு வீடுகள் நிறைந்த தெரு ஆகியவற்றை இந்த ஞாயிறன்றே பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று படமெடுங்கள். அவற்றுள் சிலவற்றைத் தாளில் அச்சிட்டு, பின்புறம் ஊரும் நாளும் எழுதி, ஒரு படியைப் பங்கு இல்லத்தில் ஒப்படையுங்கள். கேட்டு வருகிறவர்கள் இன்னும் பிறக்காதவர்களாகவும் இருக்கக்கூடும்.