மை நாத்தமும் மனுச மூச்சும்

நிலக்கோட்டை தனித்தொகுதி. தேர்தல் வந்தாலும் திருவிழா வந்தாலும் ஏப்ரல் 14 வந்தாலும் ஊரெங்கும் ஃபிளெக்ஸ்தான். அதில் சிரிக்கிற மூஞ்சிகளைப் பற்றி ஊரே பேசுகிறது. அதை அச்சடிக்கிற பையன் எந்தக் காற்றை இழுக்கிறான் என்று யார் பேசுகிறார்கள்?

ஃபிளெக்ஸ் மையில் சைக்ளோஹெக்ஸனோன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. மை காய்கிறது என்றால் கரைப்பான் காற்றில் ஏறுகிறது என்று அர்த்தம். மெஷினுக்குத் தூசி ஆகாது, சூடு ஆகாது என்று கதவை அடைத்து ஏ.சி. போடுகிறார்கள். அந்த ஏ.சி. இருக்கிற காற்றையே குளிரவைத்துத் திருப்பித் தரும். மெஷினுக்குச் சுகம், மனுசனுக்கு நஞ்சு. ஹெட்டைத் துடைப்பது வெறுங்கை. தோல் வழியாகவும் அது உள்ளே போகும். தலைவலி, கிறுகிறுப்பு என்றால், "பழகிரும்டா" என்கிறான் முதலாளி. மூக்குதான் பழகும். நரம்பு பழகாது.

ஜப்பானில் ஒசாகா நகர ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் வேலை பார்த்த இளைஞர்களுக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012இல் அம்பலமானது. துடைக்கப் பயன்படுத்திய 1,2-டைகுளோரோபுரோப்பேன் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் உறுதி செய்தது. அந்தத் திரவம் வேறு, இந்த மை வேறு. அடைத்த அறை ஒன்றுதான். அங்கே செத்தவங்களை எண்ணினார்கள். இங்கே எண்ணுவது யார்?

சட்டமா? மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது 1948 சட்டம். 2020 தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. மூணு பேர் வேலை பார்க்கிற கடை எந்தக் கணக்கில் வரும்?

திண்டுக்கல் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்ற அப்பன், மகன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிட்டான்னு பெருமைப்படுறான். நாத்தம் மாறியிருக்கு, நாத்தத்தைச் சுமக்கிற சாதி மாறல. 1893இல் 'பறையன்' நடத்திய இரட்டைமலை சீனிவாசனும் 1907இல் 'தமிழன்' நடத்திய அயோத்திதாசரும் அச்சை விடுதலைக்குக் கருவியாக்கினார்கள். அதே அச்சு இன்றைக்கு நம்ம பிள்ளைகளின் மூச்சைத் தின்பதா?

தோழர்களே, பேனர் ஆர்டர் குடுக்கும்போது சதுர அடி விலையை மட்டும் கேட்காதீங்க. மைக்கான பாதுகாப்புத் தகவல் தாள் எங்கே? ஆவியை மெஷின் பக்கத்திலேயே இழுத்து வெளியே தள்ளுகிற ஃபேன் எங்கே? கரைப்பான் ஊடுருவாத கையுறை எங்கே? துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. கார்பன் வடிகட்டி வைத்த முகமூடி எங்கே? இல்லையென்றால் ஆர்டர் இல்லை என்று சொல்லுங்க.

1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் அம்பேத்கர். அவர் படத்தை அச்சடிக்கிறவன் மூச்சுத் திணறினால் அந்தப் படம் நமக்கெதுக்கு?