பின்கவனிப்பு இல்லாத அறுவை சிகிச்சையை விற்க விடக்கூடாது

பிரிட்டனிலிருந்து உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காகத் துருக்கிக்குச் சென்றவர்களில் ஏழு பேர் சிகிச்சையைத் தொடர்ந்து உயிரிழந்திருப்பதை 2023 மார்ச் மாதம் பிபிசியின் புலனாய்வு வெளிக்கொணர்ந்தது. அதே வாரங்களில், பசியை மட்டுப்படுத்துவதற்காக இரைப்பைச் சுவரில் போட்டுலினம் என்னும் நச்சுப்பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொண்ட 60-க்கும் மேற்பட்டோர், தசைகளை முடக்கும் போட்டுலிசம் நோய்க்கு ஆளானதை ஐரோப்பிய நோய்த்தடுப்பு, கட்டுப்பாட்டு மையம் பதிவுசெய்தது. அவர்களுள் பெரும்பாலோர் இஸ்தான்புல்லில் சிகிச்சை பெற்றவர்கள், ஜெர்மனியிலிருந்து சென்றவர்களும் அவர்களுள் அடங்குவர். அதன்பிறகும் இந்தப் பயணங்கள் நிற்கவில்லை. எச்சரிக்கை அறிக்கைகளால் மட்டும் அவற்றை நிறுத்தவும் முடியாது. ஏனெனில், மக்களை விமானமேற்றும் காரணங்களில் பாதி அவர்களுடைய சொந்த நாட்டிலேயே இருக்கின்றன.

கிலோகிராமில் அளந்த எடையை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே உடல் நிறைக் குறியீட்டெண் எனப்படுகிறது. இந்த எண் 40-ஐத் தொட்டவர்களும், 35-க்கு மேல் இருந்து நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் முதலிய துணைநோய்களால் அவதிப்படுபவர்களும் அறுவை சிகிச்சைக்குப் பரிசீலிக்கத் தக்கவர்கள் என்று, நைஸ் எனச் சுருக்கமாக வழங்கப்படும் இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறை அமைப்பு வரையறுத்துள்ளது. தெற்காசிய வம்சாவளியினருக்கு இந்த வரம்புகள் 2.5 அளவுக்குத் தளர்த்தப்பட்டிருப்பதால், அங்கு வாழும் தமிழர்களுக்கும் இது தொலைவில் உள்ள செய்தி அன்று. ஆனால், தகுதி இருப்பது வேறு, சிகிச்சை கிடைப்பது வேறு. பொது மருத்துவரின் பரிந்துரை, எடை மேலாண்மைச் சிகிச்சையகத்தில் பல மாதக் கண்காணிப்பு, அதன்பின் அறுவை சிகிச்சைப் பட்டியலில் காத்திருப்பு என்று ஆண்டுகள் கழிகின்றன. தகுதியுடையோர் லட்சக்கணக்கில் இருக்கையில், என்எச்எஸ் எனப்படும் அரசு மருத்துவச் சேவை ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்கே இந்தச் சிகிச்சையைச் செய்கிறது. உள்நாட்டுத் தனியார் மருத்துவமனை ஏறத்தாழ 8,000 முதல் 15,000 பவுண்டு வரை கேட்க, துருக்கியில் விடுதியும் வாகனமும் சேர்த்தே அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் வேலை முடிகிறது. மூட்டுத் தேய்ந்து, உறக்கத்தில் மூச்சு தடைப்பட்டு, இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போகும் ஒருவர் இந்த வாய்ப்பை நாடுவதை அழகு மோகம் என்று இகழ்வது அநீதி.

அப்படியானால் தவறு எங்கே நேர்கிறது? இதற்கு விடை காண, அறுவை சிகிச்சையின் இயல்பை அறிய வேண்டும். இப்போது மிகுதியாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில், இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி ஸ்டேப்ளர் கருவியால் நெடுக மூடப்பட்டு ஒரு குறுகிய குழாயாக்கப்படுகிறது. அகற்றியதை மீண்டும் பொருத்த வழியில்லை. குறுகிய குழாயினுள் அழுத்தம் மிகுவதாலும், உணவுக்குழாய் வந்து சேரும் மேல்முனையில் ரத்த ஓட்டம் குறைவாக இருப்பதாலும், அந்த இடத்தில் தையல் விட்டு இரைப்பை நீர் வயிற்றறைக்குள் கசியக்கூடும். தேர்ந்த கைகளிலும் நேரக்கூடிய இந்தக் கசிவு சிலருக்கே ஏற்படுகிறது. ஆனால், அது பெரும்பாலும் அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வெளிப்படாமல், ஒரு வாரம் அல்லது அதற்கும் மேல் கழித்து, வேகமான நாடித் துடிப்பாகவும் காய்ச்சலாகவும் இடது தோள்பட்டை வலியாகவும் தலைகாட்டுகிறது. பருமனான உடலில் வயிறு இறுகுவது கைக்குத் தட்டுப்படாமல் போகலாம் என்பதால், அனுபவமுள்ள மருத்துவர் நாடித் துடிப்பை வைத்தே ஐயம் கொண்டு உடனே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார். தாமதமானால் கிருமித்தொற்று முற்றி உறுப்புகளைச் செயலிழக்க வைக்கும் செப்சிஸ் நிலை உண்டாகி, உயிர் பிழைப்பவரும் வடிகுழாய், ஸ்டென்ட், மறு அறுவை என மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்க நேரிடும்.

இந்தக் காலக்கணக்கைத் துருக்கிப் பயணத் திட்டத்தின் அருகில் வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். மருத்துவமனையில் இரண்டு, மூன்று இரவுகள், விடுதியில் மேலும் சில இரவுகள், பிறகு விமானம் என்பதே வழக்கமான ஏற்பாடு. கசிவு தெரியத் தொடங்கும் நாட்களில் நோயாளி அறுவை செய்த மருத்துவரின் கண்காணிப்பில் இருப்பதில்லை; நான்கு மணி நேரம் கால் அசையாமல் அமர்ந்து பறப்பதால், அறுவைக்குப் பின் இயல்பாகவே மிகுந்திருக்கும் ரத்தக்கட்டி உருவாகும் அபாயமும், அது நுரையீரல் நாளத்தை அடைக்கும் அபாயமும் கூடுகின்றன. ஊர் திரும்பியவர் நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது, என்ன முறையில் அறுவை நடந்தது, சிக்கல் ஏதும் நேர்ந்ததா என்பதைச் சொல்லும் டிஸ்சார்ஜ் சம்மரி பலரிடம் இருப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பேசிப் பணம் பெற்ற முகவர் அந்நேரத்தில் பதில் சொல்வார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. திட்டமிட்டுச் செய்துகொண்ட அறுவையால் விளையும் சிக்கலைச் சாதாரணப் பயணக் காப்பீடு ஏற்பதும் இல்லை.

முதல் மாதத்தைக் கடந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறு. ஓயாத வாந்தியால் தயாமின் என்னும் வைட்டமின் பி1 தீர்ந்துபோனால் சில வாரங்களிலேயே மூளை பாதிக்கப்பட்டு, நடை தடுமாறி, நினைவு குழம்பும். இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி ஆகியவற்றை ரத்தப் பரிசோதனை மூலம் ஆயுள் முழுதும் கண்காணிக்க வேண்டும். இதனால்தான் நைஸ் அமைப்பு, அறுவைக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் சிறப்பு மருத்துவக் குழுவின் கவனிப்பும், பிறகு ஆண்டுதோறும் பரிசோதனையும் வேண்டும் என்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளும் சிகிச்சையின் பகுதியே. அவற்றை நீக்கிவிட்டுத்தான் விலை குறைக்கப்படுகிறது.

துருக்கி மருத்துவர்கள் திறமையற்றவர்கள் என்பது இதன் பொருள் அன்று. பன்னாட்டுத் தரச்சான்று பெற்ற மருத்துவமனைகள் அங்கே பல உள்ளன. நலமாகத் திரும்பி, நோய் நீங்கி வாழ்பவர்களும் பலர். லண்டனிலும் கசிவு நேர்கிறது. வேறுபாடு, நேர்ந்தபின் யார் பொறுப்பு என்பதில்தான் இருக்கிறது. பிரிட்டனில் செய்யப்படும் அறுவைகளுக்குத் தேசியப் பதிவேடு உண்டு. வெளிநாட்டில் செய்துகொண்டவர்கள் அதில் இடம்பெறுவதில்லை என்பதால், சிக்கல் விகிதம் மிகக் குறைவு என்று ஒரு மருத்துவமனை விளம்பரம் செய்தால் அதை மறுக்கவோ ஏற்கவோ எவரிடமும் முழுமையான கணக்கு இல்லை. திரும்பிச் சென்றவர் வேறு நாட்டில் இறந்தால், அறுவை செய்த இடத்தின் ஏட்டில் அவர் வெற்றிகரமாக வீடு திரும்பியவராகவே நிற்பார்.

ஆகவே, மருத்துவச் சுற்றுலாவுக்கு உரிமம் வழங்கும் துருக்கி அரசு, அந்த உரிமத்தோடு சில நிபந்தனைகளைப் பிணைத்தே தீர வேண்டும். அறுவைக்குப் பின் குறைந்தது பத்து நாட்கள் மருத்துவமனைக்கு அருகில் தங்குவதும், நோயாளிக்குப் புரியும் மொழியில் முழு அறுவைக் குறிப்பும், சொந்த நாட்டில் நேரும் சிக்கலுக்கான செலவையும் ஏற்கும் காப்பீடும் விலையிலேயே அடங்கியிருக்க வேண்டும். விலை கூடும், உண்மைதான். கூடும் அந்தத் தொகையைத்தான் இன்று நோயாளியின் உடலும் வேறொரு நாட்டின் வரிப்பணமும் செலுத்திக்கொண்டிருக்கின்றன. பிரிட்டன் அரசோ, எச்சரித்துவிட்டுக் கைகழுவ முடியாது: எங்கே அறுவை செய்திருந்தாலும் ரத்தப் பரிசோதனையும் உணவு ஆலோசனையும் தடையின்றிக் கிடைக்கச் செய்ய வேண்டும், கண்டிப்புக்கு அஞ்சி நோயாளிகள் தங்கள் அறுவையை மறைக்கும் நிலையை மாற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக உள்நாட்டு அறுவைகளின் எண்ணிக்கையைப் பன்மடங்கு உயர்த்த வேண்டும்.

இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம், ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றிலிருந்து நோயாளிகளை வரவேற்கும் சென்னைக்கும் இதே கடமை உண்டு. இங்கு அறுவை செய்துகொண்டு கொழும்புக்கோ மாலேவுக்கோ திரும்பும் நோயாளியின் பத்தாம் நாளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், பல இடங்களில் தெளிவான பதில் கிடைக்காது. மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு நோயாளிக்கு எடைக் குறைப்பு அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும், அவருடைய ஊரில் பின்கவனிப்பை ஏற்கும் மருத்துவரின் எழுத்துபூர்வ ஒப்புதலைப் பெற்ற பின்னரே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும் என்ற விதியை அரசு அந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டும்.