'கை' என்னும் ஒரு சொல்லும் மேற்கை எலும்பின் மூன்று நரம்புகளும்

"கை வலிக்கிறது" என்று நோயாளி சொன்னால் வலி தோளருகிலும் இருக்கலாம், விரல் நுனியிலும் இருக்கலாம். புயம், முழங்கை, முன்கை எனத் தமிழில் தனிச்சொற்கள் இருப்பினும், முழு உறுப்புக்கும் 'கை' என்பதே பேச்சு வழக்கு. அந்தமானில் தமிழோடு வழங்கும் வங்காளம், இந்தி, தெலுங்கு ஆகியவற்றின் நிலையும் இதுவே. சிசில் பிரவுன் ஒப்பிட்ட 617 மொழிகளுள் 228 மொழிகள் மணிக்கட்டுக்குக் கீழும் மேலும் உள்ள பகுதிகளை ஒரே சொல்லால் குறிக்கின்றன. எனவே இது மொழியின் குறையன்று. உடலைப் பகுக்கும் ஒரு முறை.

அதே தீவுகளின் தொல்குடி மொழியான பெரிய அந்தமானியம் வேறு முறையில் பகுக்கிறது. அன்விதா அப்பி 2013-இல் வெளியிட்ட இலக்கணத்தின்படி, அம்மொழியில் உறுப்புப் பெயர்கள், உடலை ஏழு வகுப்புகளாகப் பிரிக்கும் முன்னொட்டுகளுள் ஒன்றை ஏற்றே வருகின்றன.

மருத்துவத்தின் பகுப்பு மூன்றாவது வகை. தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட மேற்கை எலும்பை மூன்று நரம்புகள் ஒட்டிச் செல்கின்றன. மேல்முனைக்குச் சற்றுக் கீழே, 'அறுவைக் கழுத்து' எனப்படும் இடத்தில், ஆக்சிலரி நரம்பு; நடுத்தண்டின் பின்புறத்தில் ரேடியல் நரம்பு; முழங்கையின் உட்புறக் குமிழுக்குப் பின்னே அல்நார் நரம்பு. முறிவு முதலாவது இடத்தில் நேர்ந்தால் தோளின் வெளிப்புறத் தோல் மரத்துப்போகலாம். இரண்டாவதில் மணிக்கட்டு தொங்கலாம். மூன்றாவதில் சுண்டுவிரல் உணர்விழக்கலாம். நோயாளிக்கு மூன்றும் 'கை முறிவு'தான்.

எக்ஸ்ரே இருக்க, தொட்டறியும் பயிற்சி எதற்கு என்று கேட்கப்படுவதுண்டு. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது. நரம்புப் பாதிப்பு காயத்தால் வந்ததா, எலும்பைச் சீரமைத்தபோது வந்ததா என்பதை முதற்பரிசோதனைக் குறிப்பு மட்டுமே பின்னாளில் சொல்ல முடியும். மேலும், மடக்கிய முழங்கையில் இரு குமிழ்களும் முழங்கை முனையும் ஒரு முக்கோணமாக அமையும். குமிழ்களுக்கு மேலே எலும்பு முறிந்தால் அம்முக்கோணம் மாறாது. மூட்டு விலகினால் மாறிவிடும். இதை விரல்களே அறிந்துவிடும். தொலைதீவிலிருந்து போர்ட் பிளேயருக்குக் கடல்கடந்து அனுப்பப்படும் நோயாளிக்கு, புறப்படும் இடத்தில் எழுதப்படும் இக்குறிப்பின் மதிப்பு பெரிது.

ஆகவே மேற்பரப்பு உடற்கூற்றியலைத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியலாகக் கற்பிப்பது போதாது. போர்ட் பிளேயரில் 2015-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டுள்ள சூழலில், பன்மொழித் தீவுகளுக்கேற்ற பயிற்சி அங்கே இயல்பாக உருவாகக்கூடும். "எங்கே வலிக்கிறது?" என்னும் வினாவோடு நிறுத்தாமல், "ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்று நோயாளியின் மொழியிலேயே கேட்கவும், அவ்விடத்தின் எலும்பையும் நரம்பையும் உடனே சோதித்து எழுதவும் மாணவர் பழக வேண்டும். சொல் பகுக்காத இடத்தை விரல் பகுக்கும். அந்த விரலுக்கு வழிகாட்டுவது மருத்துவக் கல்வியின் கடமை. அதற்கான வினாக்களைத் தீவுகளின் மொழிகளில் வகுத்துத் தருவது மொழியியலின் கடமை.