பெண்ணாடத்தில் நிற்காத படங்கள்

ஒரு சின்ன பரீட்சை. செல்போனைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

2001-ம் வருடத்துக்கான தேசிய விருதில், இந்தியாவிலேயே சிறந்த இயக்குநர் என்று தேர்வானவர் ஒரு தமிழர். எடிட்டர் பி.லெனின். படம், ஜெயகாந்தன் கதையை வைத்து எடுத்த 'ஊருக்கு நூறு பேர்'. நீங்கள் பார்த்துவிட்டீர்களா?

சரி, இன்னொன்று. தேசிய அளவில் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரையை முதன்முதலில் வாங்கிய தமிழ்ப் படம் எது? 1990-ம் வருடத்துக்கான விருது. இந்திரா பார்த்தசாரதியின் கதை, கே.எஸ்.சேதுமாதவன் இயக்கம், 'மறுபக்கம்'. எந்தத் தியேட்டரில் பார்த்தீர்கள்? பார்த்திருக்க முடியாது. அது தூர்தர்ஷனில் வந்துவிட்டுப் போன படம்.

வெட்கப்படாதீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. காட்டினால்தானே பார்ப்பதற்கு?

நம் ஊரில் சின்ன படம், நல்ல படம், சுயாதீன சினிமா என்று எந்தப் பேரில் பேச்சை ஆரம்பித்தாலும் எல்லோரும் எடுப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். தயாரிப்பாளர் கிடைக்கவில்லை, பட்ஜெட் இல்லை, கதை கேட்க ஆளில்லை... வாஸ்தவம்தான். ஆனாலும் எப்படியோ எடுத்துவிடுகிறார்கள். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, நண்பர்களிடம் கைமாற்று வாங்கி எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் கதையே. எடுத்த படத்தைக் காட்ட இடம் கிடையாது.

இது இன்று நேற்று வந்த வியாதியும் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன், 'உன்னைப்போல் ஒருவன்' என்ற தன் கதையைத் தானே இயக்கிப் படமாக்கினார். 1965-ல் வந்தது. குடிசைப் பகுதியில் வாழும் ஒரு பையனும் அவன் அம்மாவும்தான் கதை. பாட்டு இல்லை, சண்டை இல்லை, பெரிய நட்சத்திரம் இல்லை. தேசிய விருதுக் குழு அதை அந்த வருடத்தின் மூன்றாவது சிறந்த படம் என்று தேர்ந்தெடுத்தது. முதல் இடம் எந்தப் படத்துக்குத் தெரியுமா? சத்யஜித் ராயின் 'சாருலதா'!

ராய்க்குப் பக்கத்தில் உட்காரும் தகுதி இருந்த அந்தப் படத்தை வாங்கி வெளியிட விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. ஜெயகாந்தனே வெளியிட்டார். 'சாருலதா'வை இன்றைக்கும் பளிச்சென்ற பிரதியில் பார்க்கலாம். 'உன்னைப்போல் ஒருவ'னுக்கு ஒரு பிரதிகூட மிஞ்சியதாகத் தெரியவில்லை. இரண்டும் ஒரே வருடம், ஒரே மேடை. வங்காளி காப்பாற்றினான், நாம் தொலைத்தோம்.

ஓடாத படத்தின் பெட்டியை யார் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள் சொல்லுங்கள்? காட்டப்படாத படம் கடைசியில் காணாமல் போகிறது. அதைத்தான் ஜெயகாந்தன் கதையிலிருந்து நாம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

அறுபது வருடம் தாண்டி இப்போது வாருங்கள். சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலையும் ஒரு குடும்பத்தைப் பற்றி செழியன் எடுத்த 'டு லெட்', 2017-க்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியது. தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்', 2021-ல் ரோட்டர்டாம் விழாவின் உச்சப் பரிசான டைகர் விருதைத் தட்டி வந்தது. அந்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். தமிழ்நாட்டுக்காரன் அதைப் பார்த்தது எப்போது? 2023 அக்டோபரில், ஓ.டி.டி.யில்! மதுரைப் பக்கத்து வெயிலில் எடுத்த படத்தை ஹாலந்துக்காரன் பார்த்து கைதட்டி இரண்டரை வருடம் கழித்துத்தான் மதுரைக்காரனுக்குக் காட்டினோம்.

இந்தக் கூத்தை அளக்க நான் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். அதற்குப் பேர் பெண்ணாடம்.

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கும் திட்டக்குடிக்கும் நடுவில் இருக்கிற பேரூராட்சி. பக்கத்தில் வெள்ளாறு. தூங்கானை மாடக் கோயில் இருக்கிற ஊர். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்ததும் இங்கேதான் என்பார்கள். அவ்வளவு பெருமை இருந்தும், சென்னையிலிருந்து திருச்சி போகிற எக்ஸ்பிரஸ்களில் பல இந்த ஊர் ஸ்டேஷனில் நிற்காமல் ஹார்ன் அடித்துக்கொண்டே போய்விடும். நம் விருதுப் படங்களும் அப்படித்தான். ரோட்டர்டாமில் நிற்கும், பெர்லினில் நிற்கும், கோவாவில் நிற்கும். சென்னையில் ஒரு மல்டிபிளெக்ஸில், மத்தியானக் காட்சியாக ரெண்டு நிமிஷம் நிற்கும். பெண்ணாடத்தில் நிற்காது.

ஒரு தமிழ்ப் படம் பெண்ணாடத்துக்காரர் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ப் பார்க்கிற தூரத்துக்கு வந்ததா? வந்திருந்தால் அது வெளியான படம். வராவிட்டால், எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும் அது வெளியாகாத படம்தான்.

உடனே எதிர்க்கேள்வி வரும். "அட போங்க சார், இந்தப் படமெல்லாம் ஜனங்க பார்க்க மாட்டாங்க!"

யார் சொன்னது? 'காக்கா முட்டை'யில் ரெண்டு குப்பத்துப் பசங்களும் ஒரு பீட்சாவும்தானே? 2015-ல் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கவில்லையா? அதே கடலூர் மாவட்டத்துக்காரர் தங்கர் பச்சானின் 'அழகி'யை வாங்கத் தயங்கினார்கள். 2002-ல் தியேட்டருக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்று உங்கள் வீட்டில் அம்மாவைக் கேளுங்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வார்.

எல்லாச் சின்ன படமும் நல்ல படம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அரை மணி நேரத்தில் கொட்டாவி வரவைக்கிற விருதுப் படங்களும் உண்டு. ஆனால், கொட்டாவி வரவைக்கிற நட்சத்திரப் படங்கள் இல்லையா? அதற்கு முதல் மூன்று நாள் ஊரிலுள்ள அத்தனை தியேட்டரும் திறந்துவிடப்படுகிறது. போரடிக்கிறதா இல்லையா என்று ஜனங்களே பார்த்துத் தீர்ப்பு சொல்கிறார்கள். சின்ன படத்துக்கு மட்டும் ஜனங்கள் பார்ப்பதற்கு முன்னாலேயே தீர்ப்பு. வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தபோது, இதையெல்லாம் தியேட்டரில் விட்டிருக்கவே கூடாது என்று சினிமாவுக்குள் இருப்பவர்களே பேசினார்கள். ஒரு படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. தியேட்டர் வாசலையே மிதிக்கக்கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுயாதீனம் என்றால் யார் தயவும் இல்லாமல் நிற்பது. 'காக்கா முட்டை'க்குத் தனுஷும் வெற்றிமாறனும் வேண்டியிருந்தார்கள். 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கு விஜய் சேதுபதி. 'கூழாங்கல்'லுக்கு நயன்தாராவும் விக்னேஷ் சிவனும். 'கொட்டுக்காளி'க்கு சிவகார்த்திகேயன். பணம் போட்ட அத்தனை பேருக்கும் கும்பிடு போடலாம், நல்ல மனசு. ஆனால் ஒரு நட்சத்திரம் மனசு வைத்தால்தான் படம் வெளியே வரும் என்பதற்குப் பேர் சுயாதீனமா? இது கோயில் வாசலில் உண்டைக்கட்டிக்குக் காத்திருக்கிற மாதிரி. கொடுப்பவர் நல்லவர்தான், வரிசையில் நிற்கிறவனுக்குத்தான் நாளைக்கு உத்தரவாதம் இல்லை.

"அதான் ஓ.டி.டி. இருக்கே?" இருக்கிறது. எந்தப் படத்தை வாங்குவது என்று மும்பையில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். தியேட்டரில் ஓடாத படத்துக்கு அங்கேயும் மரியாதை குறைவு. சிவில் இன்ஜினீயரிங் மாதிரி அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்ட முடியாது சாமி!

நான் பி.காம். படித்தவன். கலையைவிடக் கணக்குதான் எனக்குச் சுலபம். ஒரு கணக்குப் போடுவோம்.

40 லட்சத்தில் ஒரு சின்ன படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் 100 ரூபாய். வரி போக, இடம் கொடுத்தவருக்குப் பாதி போக, படத்துக்காரர் கையில் 45 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். தமிழ்நாட்டில் பெண்ணாடம் மாதிரி பேரூராட்சிகள் மட்டும் சுமார் 490. ஊருக்கு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு காட்சி, 200 பேர். ஒரு சுமாரான கல்யாணத்துக்கே அதைவிடக் கூட்டம் வரும். மொத்தம் 98,000 பேர். 45 ரூபாய் வீதம் 44 லட்சத்து 10 ஆயிரம். போட்ட முதல் வந்துவிட்டது, மேலே நாலு லட்சமும் மிஞ்சுகிறது. நகராட்சி, மாநகராட்சி எதையும் நான் இந்தக் கணக்கில் தொடவே இல்லை.

பிறகு ஏன் நடக்கவில்லை? முதல் காரணம், தியேட்டர்காரருக்கு வெள்ளிக்கிழமை வருகிற பெரிய படம்தான் தெய்வம். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அவர் கரண்ட் பில் கட்ட வேண்டும். அதோடு டிஜிட்டலில் திரையிடுவதற்கு என்று ஒரு கட்டணம். அதை எதிர்த்துத்தான் 2018-ல் மார்ச் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் நடுவரை புதுப் படமே வெளியிடாமல் தயாரிப்பாளர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். பெரிய படத்துக்கு அந்தக் கட்டணம் கொசுக்கடி. சின்ன படத்துக்கு அது பாம்புக்கடி.

இரண்டாவது காரணம், சட்டம். கல்யாண மண்டபத்திலோ சமுதாயக் கூடத்திலோ டிக்கெட் போட்டு இஷ்டத்துக்குப் படம் காட்டிவிட முடியாது. 1955-ம் வருடத்து தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி இடத்துக்கு லைசென்ஸ் வேண்டும். பிலிம் பற்றி எரிகிற காலத்தில், டூரிங் டாக்கீஸ் கீற்றுக் கொட்டகை காலத்தில், அது நியாயம். இன்றைக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு புரொஜெக்டரும் போதும். சட்டம் மட்டும் கொட்டகையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், தென்னிந்தியாவுக்கு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டக் கற்றுக்கொடுத்ததே ஒரு தமிழர்தான். திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் புரொஜெக்டரும் கையுமாகக் கிளம்பிவிட்டார். அவருக்கு முடிந்தது 120 வருடம் கழித்து நமக்கு முடியவில்லை!

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்தில் பூதம் போல இந்தி சினிமா உட்கார்ந்திருக்க, மராத்தி சினிமா மூச்சுத் திணறியது. 2015-ல் மகாராஷ்டிர அரசு, மல்டிபிளெக்ஸ்களில் முக்கியமான நேரத்தில் மராத்திப் படத்துக்கு ஒரு காட்சி கொடுத்தே ஆகவேண்டும் என்றது. பெரிய இடத்து ஆட்கள் கேலி செய்தார்கள். அரசு நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தியதே தவிர, கொள்கையை விடவில்லை. மலேசியாவில் உள்நாட்டுப் படத்தைத் தியேட்டர்கள் குறிப்பிட்ட நாட்கள் கட்டாயம் ஓட்ட வேண்டும் என்று திட்டம் வைத்தார்கள். அந்தச் சின்ன சினிமாவுக்குள்ளிருந்துதான் 2015-ல் 'ஜகாத்' என்ற தமிழ்ப் படம் வந்து, மறு வருடம் அந்த நாட்டின் சிறந்த பட விருதையே வாங்கியது. கேரளத்தில் 1975-லேயே அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், அரசே நடத்துகிற தியேட்டர்கள், 2024-ல் அரசின் ஓ.டி.டி. தளம். அங்கே ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஊர் ஊராகக் காசு வசூலித்து 'அம்ம அறியான்' எடுத்து, 1986-ல் அதே ஊர் ஜனங்களுக்குப் போய்க் காட்டினார்கள்.

நாம் என்ன செய்தோம்? 2009-ம் வருடத்துப் படங்களுக்கான மாநில விருதை 2022-ல் கொடுத்தோம்!

அரசாங்கத்திடம் நான் மானியத்தைக் கூட்டிக் கேட்கவில்லை. இரண்டே இரண்டு விஷயம் போதும். ஒன்று, இரண்டு திரைக்கு மேல் வைத்திருக்கும் ஒவ்வொரு தியேட்டரும் வாரத்தில் ஒரு நாள், மாலைக் காட்சியைச் சின்ன தமிழ்ப் படத்துக்கு ஒதுக்கவேண்டும். காலை பத்து மணிக் காட்சியைத் தள்ளிவிட்டுக் கணக்குக் காட்டக்கூடாது. இரண்டு, 1955 சட்டத்தில் ஒரு திருத்தம். தணிக்கைச் சான்றிதழ் உள்ள சின்ன படங்களைச் சமுதாயக் கூடத்திலும் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் காட்ட, பேரூராட்சி அலுவலகமே ஒரே நாளில் அனுமதி கொடுக்கலாம் என்று மாற்றவேண்டும்.

முடியாத காரியமா இது? 2022-ல் அரசாங்கம்தானே அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா என்று மாதா மாதம் உலகப் படம் போட்டுக் காட்ட ஆரம்பித்தது? வெள்ளிக்கிழமை பிள்ளைகள் பார்த்த அதே திரையில், சனிக்கிழமை சாயந்திரம் அப்பா அம்மா 'டு லெட்' பார்த்தால் சுவர் இடிந்துவிடுமா?

சினிமா சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. வருடா வருடம் மேடையில் ஏறி, சின்ன படங்கள் வாழணும் என்று பேசிவிட்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தியேட்டரைப் பங்கு போட்டுக்கொள்வதை நிறுத்துங்கள். ஒரு திரையையாவது விட்டு வையுங்கள், பேச்சு தேவைப்படாது.

கடைசியாக நீங்கள். அடுத்த முறை ஒரு தமிழ்ப் படம் எங்கோ ஒரு நாட்டில் பரிசு வாங்கியது என்று பேப்பரில் வந்தால், 'தமிழன்டா' என்று ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன்னால், உங்கள் ஊர் தியேட்டர் மேனேஜரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எப்போ சார் இங்க வரும்?" பத்துப் பேர் கேட்டால் சிரிப்பார். இருநூறு பேர் கேட்டால் போஸ்டர் ஒட்டுவார். இருநூறு பேர் இருந்தால் கணக்கு சரியாக வரும் என்று மேலேயே போட்டுக் காட்டிவிட்டேன்.