சாவி யார் கையில்?

குளத்தூரில் கடலை மிட்டாய் போடும் என் தங்கை மகன் போன மாதம் ஒரு காகிதத்தோடு வந்தான். மூன்று குடோன்களின் ரேட். இனி ஸ்டாக் வைப்பது, பார்சல் கட்டுவது, அனுப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பாம்.

"மாமா, இதுல சதுர அடிக்கு ரெண்டு ரூபா கம்மி. போட்டுரலாமா?"

"நேர்ல போய்ப் பார்த்தியா?"

"வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிச்சாங்களே!"

பெண் கொடுக்கிற இடத்தைப் பற்றிப் பால்காரர் வரைக்கும் விசாரிக்கிற ஜனங்கள் நாம். போட்ட முதல் மொத்தத்தையும் மட்டும் ஒரு போட்டோவை நம்பி ஏற்றி அனுப்பிவிடுவோம்!

பெரிய கம்பெனிகளும் ஒரு காலத்தில் குடோனைப் பார்த்துக் குடோன் பிடித்ததில்லை. வெளிமாநிலத்துக்கு நேரே விற்றால் மத்திய விற்பனை வரி. அங்கே உள்ள சொந்த டெப்போவுக்கு மாற்றினால் அது இல்லை. அதனால் மாநிலத்துக்கு ஒரு டெப்போ, ஒரு சி அண்ட் எஃப் ஏஜென்ட். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் கட்டாயம் போயிற்று. அவர்கள் கணக்கை மாற்றிப் போட்டுவிட்டார்கள். நாம்தான் இன்னும் சதுர அடியிலேயே நிற்கிறோம்.

முதலில் கேட்க வேண்டியது வாடகை இல்லை சார், சாவி. சாவி உங்களிடம் என்றால் நீங்கள் எடுத்தது வெறும் இடம். எலி தின்றால் உங்கள் பாடு. சாவி அவரிடம், எண்ணி வாங்குவதும் அனுப்புவதும் அவர் என்றால், 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு அவரைப் பிடிக்கும். விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போல உங்கள் பொருளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. இதை மனசில் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். 'சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் இருக்கும். சைக்கிள் ஸ்டாண்டு போர்டேதான்! அதை அடிக்கச் சொல்லுங்கள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

"இன்ஷூரன்ஸ் இருக்குங்க" என்பார். கட்டடத்துக்கா, உங்கள் பெட்டிகளுக்கா? பாலிசி நகலைக் கேளுங்கள். தின்பண்டம் என்றால் குடோனுக்கும் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் வேண்டும். தேதி முடியப்போகும் பெட்டி முதலில் வெளியே போகிறதா? வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியதை யார் பிரித்துப் பார்த்துக் கணக்கில் ஏற்றுகிறார்கள்? நல்ல சரக்கு திருட்டுப் போகாமலே காணாமல் போவது இங்கேதான்.

புரோக்கரிடம் விசாரிக்காதீர்கள், அவருக்குக் கமிஷன் உண்டு. லோடுமேனிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். அந்த குடோனை விட்டு விலகின வியாபாரியைத் தேடிப் பிடியுங்கள். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் சொல்லாமல் போய் நில்லுங்கள், கூரை தானே பேசும்.

இத்தனையையும் தங்கை மகன் எழுதிக்கொண்டு போனான். கூடக் கேட்ட இருவரில் ஒருவர் அன்று சாயங்காலமே எல்லாவற்றுக்கும் பதில் அனுப்பினார். ரெண்டு ரூபா கம்மிக்காரர் பாலிசி நகலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.