பனிக்காட்டில் ஏது சூடு?

மார்கழியில், சேலத்துக்கு மேலே மலையில் இருக்கிற நாகலூர்ப் பக்கம் பனி விலகவே நேரமாகும். காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் கிளம்புவார்கள். அந்தக் குளிரில், ஸ்வெட்டரும் குல்லாயுமாக மடியில் சுருண்டு கிடக்கிற ஒன்றரை வயதுப் பிள்ளையின் துணியில் சளி சளியாகச் சீதம். நடுவே சிவப்பு இழை. "சூடுதான் கண்ணு, மோரைக் குடு, தன்னால நிக்கும்" என்பார் பாட்டி. மலையில் மட்டுமா? சேலத்திலும் சென்னையிலும் இதே பேச்சுத்தான். சித்திரையில் வந்தால் வெயில் சூடு, மார்கழியில் வந்தால் பல் முளைக்கிற சூடு.

இந்தச் 'சூடு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சின்னப் பிள்ளைகளின் ரத்தபேதிக்கு முதல் காரணம் ஷிகெல்லா என்ற பாக்டீரியா. ஜப்பானில் கியோஷி ஷிகா அதை அடையாளம் கண்டது 1897இல். பெருங்குடலின் உள்தோலுக்குள் புகுந்து அது புண்ணாக்குகிறது. துணியில் தெரிகிற சிவப்பு அந்தப் புண்ணின் ரத்தம். பத்து முதல் நூறு கிருமி உள்ளே போனாலே நோய் வந்துவிடும். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட கை, சோப்புப் போடாமல் சோறு பிசைந்தால் போதும்.

மோர் மேல் எனக்குப் பகையில்லை. பிள்ளை குடித்தால் கொடுங்கள். தாய்ப்பாலையும் குழைந்த சோற்றையும் நிறுத்தவே கூடாது. மோரை நம்பி மூன்று நாள் காத்திருப்பதுதான் கொடுமை. அதற்குள் காய்ச்சல் ஏறி வலிப்பே வந்துவிடலாம்.

கடையில் கேட்டு வாங்குகிற மருந்தும் பல வீடுகளில் தப்பாகவே இருக்கிறது. 'அமீபா' என்று மெட்ரோனிடசோல் சிரப் கைமாறுகிறது. இந்த வயதில் அமீபா அரிது. அந்த சிரப்புக்கு ஷிகெல்லா சாகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் சொன்னது சிப்ரோஃப்ளாக்சசின்: எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், தினம் இருவேளை, 3 நாள். நம் நாட்டில் அதற்கும் மசியாத ஷிகெல்லா பெருகிவிட்டதால், அசித்ரோமைசினோ செஃப்ட்ரியாக்சோன் ஊசியோ தேவைப்படுகிறது. எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டு நாளில் ரத்தம் குறையாவிட்டால் மருந்தை மாற்றவும் வேண்டும். மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக்கை அடுத்த மாதத் தண்ணீர்ப் பேதிக்கு ஊற்றுகிறவர்களும் கிருமிக்குத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்தப் பேதிக்குப் பெரும்பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் 14 நாள் ஜிங்க் மருந்தும் போதும்.

சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. பிள்ளைக்குக் கண் செருகிய பிறகு அது மிக நீளமான பாதை. சிவப்பைப் பார்த்த அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போங்கள். அந்தத் துணியையும் ஒரு பையில் கட்டி எடுத்துப்போய்க் காட்டுங்கள், பாட்டி துவைத்துப்போடுவதற்குள்.